அடியில இருந்த பேரு

நெட்டுல என்ன இருக்குதுன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க டீச்சர். வேற என்ன வேணா கேளுங்க. சத்துணவு எத்தனை மணிக்குன்னு கேளுங்க, மோட்டார் சுவிட்சு எங்கன்னு கேளுங்க, எந்தக் கொழந்தைக்கு வலிப்பு வரும், எந்தக் கொழந்தையோட அப்பன் குடிச்சுட்டு வந்து கேட்டுல நிப்பான், எல்லாத்தையும் சொல்றேன். ஆனா புள்ளைங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்க ஆன்லைன்ல நல்லதா என்ன கெடைக்கும்னு கேட்டீங்க பாருங்க, அது மட்டும் வேண்டாம். அந்தக் கேள்வியிலதான் என்ற எட்டு வருசச் சிநேகம் போச்சு.

உக்காருங்க. அந்தச் சேருல வேண்டாம், இந்தப் பக்கம் வாங்க. அது ஹேமலதா உக்காந்த சேரு. ஒண்ணுமில்லீங்க, சேரு நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் பார்க்கப் புடிக்கல.

நீங்க வந்திருக்கறதே அவ எடத்துக்குத்தான். உங்ககிட்ட ஆர்டர் குடுத்தப்ப சொல்லியிருக்க மாட்டாங்க. இந்தச் செங்கோடவலசு பள்ளிக்கூடத்துல ரெண்டே டீச்சருங்க. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேரு. நான் தலைமையாசிரியை, அவ உதவி ஆசிரியை. இப்ப அவளை மாவட்டப் பயிற்சி நிறுவனத்துல கூப்பிட்டுக்கிட்டாங்க, பாடத்தாள் தயாரிக்கற குழுவுக்கு. எதை வெச்சுக் கூப்பிட்டாங்கங்கறீங்க? என்ற தாளை வெச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன். சாப்பிட்டுட்டே கேளுங்க, சோறு ஆறுது.

கொரோனாவுல பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்துச்சுல்லீங்க, அது தொறந்த வருசம். மூணாவதுக்கு வந்த புள்ளைங்க ஒண்ணாவது ரெண்டாவதைக் கண்ணுலயே பார்க்காததுங்க. இங்க எல்லாம் கொப்பரை காயப் போடற தேங்காக் களத்துல வேலை செய்யறவங்க கொழந்தைங்க. அப்பன் ஆத்தா காத்தால களத்துக்குப் போனா பொழுதோடதான் வருவாங்க. ஊட்டுல யாரு சொல்லிக் குடுக்கறது? அ-வைக் காட்டுனா யானைங்குது ஒண்ணு. நான் சர்வீசுக்கு வந்த நாள்ல இருந்து அப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்ல. ஊட்டுக்குப் போய் அழுதேன் டீச்சர், பொய் சொல்லல.

அப்ப ஹேமாதான் சொன்னா, "அக்கா, நெட்டுல தேடலாங்க்கா, எத்தனையோ இருக்குது"ன்னு. எனக்குப் போனுல பேசத் தெரியும், கட் பண்ணத் தெரியும், அவ்வளவுதான். அவதான் தேடறதுக்குச் சொல்லிக் குடுத்தா. அதை நான் இல்லைங்கல. யாரு செஞ்சதையும் நான் இல்லைங்கறவ கெடையாது.

இங்க பேசறதுக்கு மட்டும்தான் சிக்னல் கெடைக்கும், நெட்டு வேணும்னா தண்ணித் தொட்டி மேல ஏறோணும். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்க ரெண்டு பேரும் சேலையைத் தூக்கிச் சொருகிட்டு ஏறிக்குவோம். போனுகிட்ட வாயாலயே கேக்கலாம்னா. நான் "எழுத்துப் பழக்கறது எப்படி"ன்னு கேக்கறேன், அது தலையெழுத்தை மாத்தறதுக்குப் பரிகாரம் சொல்லுது. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு. ஒரு பாட்டு வந்துச்சு, அ அம்மா, ஆ ஆடுன்னு, பாடறது யாரோ வெளிநாட்டுல இருக்கற புள்ளையாட்ட இருக்குது, ஆட்டுக்குப் பின்னாடி பனி கொட்டுது. இன்னொண்ணுல இ-க்கு இக்லூ போட்டிருக்கான். இக்லூன்னா என்னன்னு எனக்கே தெரியல, ஹேமா சொன்னா, ஐஸ்ல கட்டுன ஊடாமா. பங்குனி வெயில்ல தகரக் கூரைக்கு அடியில உக்காந்துட்டு இந்தக் கொழந்தைங்களுக்கு நான் ஐஸ்ல கட்டுன ஊட்டைக் காட்டோணும். ஒரு நல்ல வீடியோ கெடைச்சு வகுப்புல போட்டுக் காட்டுனா, நடுவுல சீட்டாட்ட விளம்பரம் வந்து நிக்குது. புள்ளைங்க அந்த விளம்பரத்தை மட்டும் மனப்பாடமாச் சொல்லுதுங்க.

அப்படித் தேடித் தேடி ஒரு நாள் அந்தத் தாளுங்க கெடைச்சுது. நான்தான் கண்டுபுடிச்சேன். இதை நல்லா மனசுல வெச்சுக்குங்க டீச்சர், நான்தான். ஹேமா அப்ப தொட்டியில இருந்து எறங்கிட்டா, அவ பஸ்சுக்கு நேரமாச்சுன்னு. நான் மட்டும் மேல உக்காந்து விரலால தள்ளிட்டே இருந்தேன். யாருமே பார்க்காத ஒரு மூலையில கெடந்துச்சு. கையால வரைஞ்ச தாளு. அ ஆ-ன்னு தொடங்கலீங்க அதுல. ட, ப, ம-ன்னு எழுதறதுக்குச் சுளுவான எழுத்தா மொதல்ல. மூணே எழுத்துல "படம்" வந்துருது. மொத நாளே கொழந்தை ஒரு வார்த்தையைப் படிச்சுருது. எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. இது இத்தனை வருசமா எனக்குத் தோணலியேன்னு இருந்துச்சு.

பள்ளிக்கூடத்து லேப்டாப்புல எறக்கி வெச்சு, தாராபுரம் ரோட்டு ஜெராக்ஸ் கடையில கொண்டு போய் எடுத்தேன். ஒவ்வொரு தாளுக்கும் அடியில ஒரு வரி அச்சாயிருந்துச்சு. யாரோ ஜெசிந்தா மேரின்னு பேரு, தொண்டிப் பக்கம் ஏதோ ஒரு ஊரு பள்ளிக்கூடம், போன் நம்பர். அது எதுக்குக் கொழந்தைங்களுக்கு? ட-வையும் ப-வையும் பார்க்க வேண்டிய கண்ணு அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துட்டுக் கெடக்கும். அதனால வெள்ளைக் காகிதத்தைப் பட்டையா வெட்டி அது மேல ஒட்டிட்டேன். ஒட்டுன எடம் வெறுமனே பளிச்சுன்னு அசிங்கமா இருந்துச்சு. சரின்னு அதுல என்ற கையெழுத்துல அழகா எழுதினேன். "ஆக்கம்: கா. சம்பூரணம், தலைமையாசிரியை, செங்கோடவலசு." என்ற கையெழுத்தைப் பார்த்திருக்கீங்கல்ல, அந்த போர்டுல இருக்கறது. அச்சு தோத்துப் போகும். அப்பறம் அதையே மறுக்கா ஜெராக்ஸ் எடுத்தா ஒட்டுனதே தெரியல.

ஹேமா அப்பவே கேட்டா. "அக்கா, அந்த டீச்சருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுக்கலாமா"ன்னா. என்னத்தைக் கேக்கறது? நெட்டுல போட்டாச்சுன்னா அது ஊருக்குப் பொது. பொதுக் கெணத்துல தண்ணி சேந்தறதுக்கு யாரைக் கேப்போம்? அதைத்தான் சொன்னேன். அவ சிரிச்சுட்டுப் போயிட்டா. இப்ப நெனைச்சுப் பார்த்தா, அந்தச் சிரிப்புலயே வெஷம் இருந்திருக்குது.

ஆனா ஒண்ணு சொல்றேன் டீச்சர். தாளு என்னத்தைப் பண்ணும்? தாளைக் குடுத்துட்டா கொழந்தை படிச்சுருமா? மூணு வருசம் ஒவ்வொண்ணையும் பக்கத்துல உக்கார வெச்சு, கையைப் புடிச்சு, மணல்ல எழுத வெச்சு, தப்பா எழுதுனா அழிக்காம பக்கத்துலயே சரியா எழுத வெச்சு, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தத் தாளுல எல்லாம் படகு, வலை, நண்டு, நங்கூரம்னு படம். இங்க கடலைப் பார்த்த கொழந்தை ஒண்ணுகூடக் கெடையாது. ந-வுக்கு நங்கூரம் போட்டிருந்துச்சு. பழனியாத்தான்னு ஒரு புள்ளை, பேசவே பேசாது, வந்த நாள்ல இருந்து அது வாயைத் தொறந்து நான் கேட்டதில்ல. அது எந்திரிச்சு, "டீச்சர், இது கெணத்துல வாளி உழுந்தா எடுக்கற பாதாளக் கரண்டிங்களா?"ன்னுச்சு. நான் படத்தைப் பார்த்தேன். அட, அப்படியே பாதாளக் கரண்டிதான்! அது கப்பலைப் புடிச்சு நிறுத்தும், இது வாளியைப் புடிச்சுத் தூக்கும், ரெண்டுக்கும் கொக்கிதான்னு சொன்னேன். அன்னைக்கு ஊட்டுக்குப் போய் ஆளாளுக்குப் பாதாளக் கரண்டியைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. வகுப்பு பூராவும் இரும்பு. ந-வை அவங்க மறக்கவே இல்ல. பழனியாத்தா அடுத்த வருசம் பேப்பரையே படிச்சா.

அந்தப் பாதாளக் கரண்டி என்னோடது. அது எந்த நெட்டுலயும் கெடையாது.

கொழந்தைங்க படிக்க ஆரம்பிச்சதும் பேரு பரவுச்சு. ஆய்வுக்கு அலுவலர் வந்தாரு. மூணாவது புள்ளைங்க பாடப் புத்தகத்தைக் கடகடன்னு படிக்கறதைப் பார்த்துட்டு, தாளைக் கையில எடுத்துப் பார்த்து, "இதெல்லாம் யாரு தயாரிச்சதுங்கம்மா?"ன்னு கேட்டாரு. "நான்தானுங்கையா"ன்னேன். வேற என்ன சொல்றது, அடியிலயே எழுதியிருக்குது. ஹேமா பக்கத்துலதான் நின்னா. தலையைக் குனிஞ்சுட்டா. மூஞ்சி சிவந்து போச்சு. பொறாமைன்னு நான் அப்பவே புரிஞ்சுக்கிட்டிருக்கோணும். எனக்குத்தான் அந்தச் சூதெல்லாம் தெரியாதே.

ஒரே போசியில சோறு தின்னோம் டீச்சர். அவளுக்கு ரெண்டாவது பிரசவத்துல லீவு பத்தாம, அவ வகுப்பையும் சேர்த்து நான் பார்த்தேன். அவ மாமியாகிட்டச் சண்டை போட்டுட்டு வந்தா என்ற தோளுலதான் அழுவா. என்ற மகன் கல்யாணத்துக்கு சொந்த ஒறம்பரை கணக்கா மூணு நாளு நின்னு வேலை செஞ்சா. அதையும் சொல்லோணுமில்ல. அப்படிப்பட்டவதான் இப்படிப் பண்ணுனா.

போன வருசம் திடீர்னு போனைக் கையில வெச்சுக்கிட்டு வகுப்பைப் படம் புடிக்க ஆரம்பிச்சா. புள்ளைங்க படிக்கறதை, தாளை, நான் மணல்ல எழுத வெக்கறதை. "எதுக்கு ஹேமா?"ன்னா, "சும்மாங்க்கா, நல்லா இருக்குது"ன்னா. நானும் சேலையை இழுத்து விட்டுட்டு நின்னேன். அப்பறம் ஒரு நாளு வந்து, "அக்கா, திருப்பூர்ல மாவட்டம் பூராவுக்கும் ஆசிரியர் கருத்தரங்கு. நம்ம பள்ளிக்கூடத்தைப் பத்தி என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. நீங்க கண்டிப்பா வரோணும்"னா.

நம்ம பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசுனா யாரைப் பத்திப் பேசுவா? நீங்களே சொல்லுங்க. தலைமையாசிரியை யாரு? எனக்குச் சந்தோசம் தாங்கல. மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டேன். சத்துணவு சமைக்கற ருக்குமணிகிட்டச் சொன்னேன், தேங்காக் களத்துக்காரர்கிட்டச் சொன்னேன், எங்க நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். எங்க ஊட்டுக்காரரு அன்னைக்கு மாட்டுச் சந்தைக்குப் போறதை உட்டுட்டு எங்கூட வந்தாரு. அவரு அப்படி எதுக்குமே வந்ததில்லீங்க. மேடைக்குக் கூப்பிட்டா வீடியோ எடுக்கோணும்னு போனைச் சார்ஜ் பண்ணி எடுத்துட்டு வந்தாரு.

பெரிய மண்டபம். மொத வரிசைக்கு அடுத்த வரிசையில உக்காந்தோம். ஹேமா மேடையில ஏறுனா. நல்லாப் பேசறா டீச்சர், அதைச் சொல்லியே ஆகோணும். பின்னாடி திரையில நம்ம வகுப்பு. நம்ம கொழந்தைங்க. சனம் பூராவும் அப்படிக் கேக்குது. பாதாளக் கரண்டிக் கதையைச் சொன்னா பாருங்க, மண்டபமே சிரிச்சுக் கை தட்டுது. "ஒரு கொழந்தை எந்திரிச்சுக் கேட்டுச்சு"ங்கறா. எந்த வகுப்புல? யாரு வகுப்புல? சொல்லல. நான் நெனைச்சேன், கடைசியில சேர்த்துச் சொல்லுவான்னு.

அப்பறம் திரையில தாளு வந்துச்சு. என்ற தாளு. எனக்கு அடையாளம் தெரியாதா? படகு இருக்குது, வலை இருக்குது, நண்டு இருக்குது. இந்தக் காங்கயம் சுத்துவட்டாரத்துல எந்தப் பள்ளிக்கூடத்துத் தாளுல, டீச்சர், படகும் வலையும் இருக்கும்? நம்மளதுல மட்டும்தான். ஆனா அடியில பார்த்தா என்ற பேரு இல்ல. என்ற கையெழுத்து இருந்த எடத்துல அச்செழுத்துல ஜெசிந்தா மேரி. லேப்டாப்புல நான் எறக்கி வெச்ச பழைய ஃபைலைத் தோண்டி எடுத்துருக்கறா. சொல்லாம கொள்ளாம!

"இந்தத் தாள்களை உருவாக்கியவர் இன்னைக்கு இங்க வந்திருக்காங்க"ன்னா. எங்க ஊட்டுக்காரரு டக்குனு போனைத் தூக்கி என்னைப் படம் புடிக்க ஆரம்பிச்சுட்டாரு. நானும் எந்திரிக்கறதுக்குச் சேலைக் கொசுவத்தைக் கையில புடிச்சுட்டேன். பாதி எந்திரிச்சுட்டேன். அப்பப் பார்த்தா மொத வரிசையில இருந்து ஒல்லியா கறுப்பா ஒரு பொம்பளை, கைத்தறிச் சேலை, எந்திரிச்சுப் போறா. பொன்னாடை போத்துனாங்க. கை தட்டுனாங்க. நான் அந்தப் பாதி எந்திரிச்ச நெலையில இருந்து எப்படி உக்காந்தேன்னு எனக்குத் தெரியல. பக்கத்துல இருந்த டீச்சர், "காலு மரத்துப் போச்சுங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

கடைசி வரைக்கும் காத்துட்டு இருந்தேன். நன்றி சொன்னா, அலுவலருக்கு, கொழந்தைங்களுக்கு, மைக் செட்டுக்காரருக்கு. மைக் செட்டுக்காரருக்கு டீச்சர்! சம்பூரணம்ங்கற பேரு அவ வாயில இருந்து வரவே இல்ல.

அந்த வீடியோவை எங்க ஊட்டுக்காரரு இன்னும் வெச்சிருக்காரு. அழிச்சுத் தொலைங்கன்னா, "அதுல உன்ற மூஞ்சி நல்லா இருக்குது புள்ள, கல்யாணப் பொண்ணாட்ட சிரிச்சுட்டு இருக்கறே"ங்கறாரு. மேடை அதுல வரவே இல்ல. என்ற மூஞ்சி மட்டும்தான்.

சாப்பாட்டுப் பந்தி பக்கத்துல அவளைப் புடிச்சுட்டேன். "ஏன்டி, எட்டு வருசமா உனக்கு நான் என்னடி கொறை வெச்சேன்? என்ற பேரைச் சொன்னா உன்ற வாயி வெந்தா போகும்?"னு கேட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. நடிப்பு. "அக்கா, உங்க பேரைச் சொன்னா, தாளுல ஏன் உங்க பேரு இருந்துச்சுன்னு உங்களைத்தான் கேப்பாங்கக்கா. ஆய்வுக்கு வந்த ஐயா மேடையிலயே உக்காந்திருந்தாரு. அதனாலதான் நான் சொல்லல"ங்கறா. கேப்பாங்களாமா! கேக்கட்டுமே? கேட்டா பதில் சொல்லத் தெரியாதா எனக்கு? நெறைய பேரு கேக்கோணும்னுதான நான் பட்டுக் கட்டிட்டு வந்து உக்காந்திருக்கறேன். என்னைக் காப்பாத்தறாளாமா. எப்படிப் பேசறா பாருங்க.

"முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"ன்னேன். அதுக்கு மட்டும் தலையைக் குனிஞ்சுட்டா. அதுல என்ற பக்கம்தான் நியாயம் டீச்சர், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அப்பப் பார்த்து அந்த ஜெசிந்தா மேரி வந்துட்டா. வந்து என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. கையெல்லாம் சொரசொரன்னு இருக்குது. "நீங்கதானா சம்பூரணம் டீச்சர்? எல்லாம் ஹேமா டீச்சர் சொன்னாங்க. மூணு வருசமா நம்ம தாளை வெச்சு அத்தனை புள்ளையளையும் படிக்க வெச்சியளாமே"ங்கறா. நம்ம தாளாம். எனக்குக் கோவம் தலைக்கு ஏறுது, அவ புடிச்ச கையை விட மாட்டேங்கறா. "எங்க ஊருல புயல் அடிச்சுப் பள்ளிக்கூடத்து ஓடு பறந்து போயி, சர்ச்சு ஹால்ல உக்காந்து வரைஞ்சேன் டீச்சர். அடியில நம்பர் போட்டது பெருமைக்கு இல்ல. யாராச்சும் கூப்பிட்டு, உங்க தாளை வெச்சு எங்க புள்ளையள் படிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுவாகன்னுதான். ஒருத்தரும் கூப்பிடல. யாருக்கும் உபயோகப்படலன்னு நெனச்சு வரையறதையே விட்டுட்டேன். ஹேமா டீச்சர்தான் மொதல்ல கூப்பிட்டது"ன்னா.

பாயசம் ஆறுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நான் என்ன பண்றது? நம்பர் போட்டிருந்தா கூப்பிடோணும்னு அதுல எழுதியா இருந்துச்சு? எழுதியிருந்தா கூப்பிட்டிருப்பேன். நான் அவ்வளவு மோசமானவ இல்லீங்க. வேலை, வேலை, ஆதார் வேலை, முட்டைக் கணக்கு, இதுல யாரு யாரைக் கூப்பிடறது? அது போகட்டும், அது யாரோ கடற்கரைக்காரி, நேத்து வந்தவ. ஹேமா என்ற கூடப் பொறந்தவளாட்ட இருந்தவ. நேர்ல பார்க்காத ஒருத்திக்கு ஓடியோடி நன்றி சொல்றவளுக்கு, பக்கத்துல உக்காந்திருந்தவளைக் கண்ணு தெரியலியே. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. இப்பவும் சோறு தின்ன உக்காந்தா அவ போசி இருந்த எடத்தைத்தான் பார்க்கறேன். ரெண்டு தடவை போன் பண்ணுனா. எடுக்கல. ஒருக்கா எடுத்துப் பேசாமயே வெச்சிருந்தேன், அவ "அக்கா, அக்கா"ன்னுட்டே இருந்தா. கட் பண்ணிட்டேன்.

ஊருக்குள்ள கேட்டவங்களுக்கெல்லாம் நிகழ்ச்சியைத் தள்ளி வெச்சுட்டாங்கன்னு சொல்லியிருக்கறேன். நீங்களும் அப்படியே சொல்லிக்குங்க.

சரி, அதை விடுங்க. உங்களைப் பார்த்தா நல்ல புள்ளையாத் தெரியுது. அவளாட்ட மேனா மினுக்கி இல்ல. அதனாலதான் இவ்வளவும் சொன்னேன். நீங்க கேட்டீங்கல்ல, நல்லதா என்ன கெடைக்கும்னு. ஒண்ணு இருக்குது. யாருகிட்டயும் சொல்லாதீங்க. இந்தப் போனைப் பாருங்க. போன வாரம் தொட்டி மேல உக்காந்து நான் ஒருத்தியாவே கண்டுபுடிச்சு எறக்கி வெச்சேன். சின்னச் சின்னக் கதைத் தாளுங்க. எழுத்துத் தெரிஞ்ச புள்ளைங்க வாசிக்கறதுக்கு. ஒரு பக்கத்துக்கு நாலே வரி. கதையைப் பாதியில நிறுத்திட்டு மீதியை நீயே எழுதுன்னு கோடு போட்டு விட்டிருக்குது. எவ்வளவு நல்ல ரோசனை பாருங்க! படிக்கவும் ஆச்சு, எழுதவும் ஆச்சு. அந்தப் பாடத்தாள் குழுவே இதுக்கு முன்னாடி நிக்க முடியாது. நம்ம புள்ளைங்களை வெச்சு இதைப் பண்ணிக் காட்டுனா, அப்பப் பார்க்கலாம் மாவட்டம் யாரைக் கூப்பிடுதுன்னு.

அடியில ஏதோ பேரு நம்பரெல்லாம் இருக்குது. யாரோ ஒரு வாத்தியாரு, நாகப்பட்டினமோ என்னமோ. இப்பவெல்லாம் போனுலயே அழிக்கலாமாமே, பட்டை வெட்டி ஒட்ட வேண்டியதில்லையாமே? உங்களுக்குத் தெரியுமில்ல? தெரியும்னுதான் மூஞ்சியே சொல்லுதே. அதை மட்டும் அழிச்சுட்டு என்ற பேரை அடிச்சுக் குடுங்க. லேப்டாப்புல மூலத்தை வெக்க வேண்டாம், இந்தத் தடவை அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன். உங்க பேரையும் கீழ போட்டுக்கலாம். இப்ப வேண்டாம், அடுத்த வருசம் பார்த்துக்கலாம்.

போனை வாங்குங்க. ஏனுங்க டீச்சர், சோத்தை வெறுமனே பிசைஞ்சுட்டு இருக்கறீங்க? கொழம்பு காரமா? தண்ணி குடிங்க.

ஆங், அதுதான், அந்த அடிப் பக்கம்தான். பெருசு பண்ணிப் பாருங்க. ஆமா, அந்த வரிதான். அதை… அழிக்கச் சொன்னா அந்த நம்பரு மேல எதுக்கு அமுத்தறீங்க? என்னமோ பச்சையா வருது. டீச்சர், அது போன் போறதுங்க. ஐயோ, யாருக்குப் போடறீங்க? என்ற போனுல இருந்தா? கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க. எனக்கு எதுக்கு நீட்டறீங்க? எடுத்துட்டாங்களா? நான் என்னத்தைங்க பேசறது…

அலோ. ஆமாங்க, கேக்குதுங்க. வாத்தியாரய்யாங்களா? வணக்கமுங்க. நானுங்க, செங்கோடவலசு பள்ளிக்கூடத்துல இருந்து சம்பூரணம் பேசறேன். காங்கயம் பக்கமுங்க. உங்க கதைத் தாளை நெட்டுல பார்த்தனுங்க… ஆமாங்க, நெம்ப நல்லா இருக்குதுங்க… இல்லீங்க, இல்லீங்க, இன்னும் எடுக்கலீங்க. எப்படீங்க கேக்காம எடுக்கறது? கேட்டுட்டு எடுத்துக்கலாம்னு நானாத்தானுங்க கூப்பிட்டேன்.